தார்ப்பாய் கவுன்

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் மாமியார் போன் செய்தார். "மாப்பிள்ளை, நீங்க ஏதோ நைட்டிக்கெல்லாம் கண்காட்சி வைக்கிறீங்களாமே?" பக்கத்தில் நின்ற மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடிவிட்டாள். அவள் செய்த வேலைதான். 'இரவு உடைகள்' என்று அம்மாவிடம் மொட்டையாகச் சொல்லி வைத்திருக்கிறாள்.

நைட்டி இல்லை அத்தை, நைட் கிளப்புக்கு ஆடப் போனவர்கள் முன்பெல்லாம் என்ன உடுத்திக்கொண்டு போனார்கள் என்பதைப் பற்றியது என்று விளக்கினேன். "அதுக்கு நைட்டியே தேவலையே" என்றார்.

எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கிறது. இத்தனை வருடம் பட்டும் சரிகையும் அரண்மனை அங்கிகளுமாகக் காலம் தள்ளிய மியூசியக் காப்பாட்சியர் நான். இயக்குநர் இதைத் தூக்கி என் தலையில் கட்டிவிட்டார். நான் கடைசியாக மேடையேறி ஆடியது பள்ளி ஆண்டு விழாவில். மரமாக.

ஆனால் வந்து சேருகிற பொருட்கள் என்னைச் சும்மா விடவில்லை. கேசட் நாடாவை உருவிப் பின்னிய சட்டை. குடைக் கம்பிகள் வைத்த பாவாடை. உடம்பெல்லாம் ஊக்கு குத்திய தோல் ஜாக்கெட் ஒன்று. கொடுத்தவர் இன்று பெரிய வக்கீல், தன் பெயர் எங்கேயும் வரக்கூடாது என்பது நிபந்தனை. ஜாக்கெட்டில் இன்னும் சிகரெட் வாசனை. அரண்மனை அங்கியில் இப்படி ஒரு ஆளின் வாசனை வந்ததே இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

பழைய கிளப் உடைகள் கேட்டுப் பத்திரிகையில் நாங்கள் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒடிசலான தேகம், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. பல் கிளினிக் ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை. சாக்குப் பையிலிருந்து எதையோ இழுத்து என் மேசைமேல் போட்டார். தொப்பென்று விழுந்தது.

லாரியின் மேல் கட்டுகிற பச்சைத் தார்ப்பாய். அதை வெட்டி கவுன் தைத்திருக்கிறார். இரு பக்கமும் பித்தளை வளையங்கள், அவற்றுக்குள் கயிறு கோத்து இறுக்கிக் கட்ட வேண்டும். பின்பக்கம் இடுப்புக்குக் கீழே, லாரிகளின் பின்னால் ஒட்டுகிற சிவப்பு ரிஃப்ளெக்டர்கள். தையல் எல்லாம் கோணி ஊசித் தையல்.

எங்கள் பழம்பொருள் பராமரிப்புப் பிரிவு மேடம் — எதையும் கையுறை இல்லாமல் தொடமாட்டார், அதனால் எல்லோருக்கும் 'கையுறை மேடம்' — உடனே கையுறையை மாட்டிக்கொண்டு அதைப் புரட்டத் தொடங்கினார்.

அந்த அம்மா கதையைச் சொன்னார். "அப்ப நான் இப்படி இல்ல சார். மூணு ஆளு சேர்ந்த மாதிரி இருப்பேன். கூட வேலை பார்த்த பொண்ணுங்களோட கிளப்புக்குப் போனேன். வாசல்ல நின்ன ஆள், 'ஏ லாரி, ஓரங்கட்டு'ன்னான். கூட வந்தவங்க சிரிச்சிக்கிட்டே உள்ள போயிட்டாங்க. நான் நடைபாதையில நிக்கறேன். உள்ளேர்ந்து பாட்டு கேக்குது."

சித்தப்பா ஒரு லாரி ஷெட்டில் இருந்தாராம். அங்கே கிழிந்து கிடந்த தார்ப்பாயை வாங்கித் தைத்து, அடுத்த சனிக்கிழமை அதே வாசலில் போய் நின்றிருக்கிறார். மறுபடியும் 'ஓரங்கட்டு'. "முடியாதுப்பா, பிரேக் இல்லன்னேன். அவனே சிரிச்சிட்டான். வழி விட்டான்."

அதன் பிறகு எல்லோருக்கும் அவர் லாரிதான். அந்தப் பெயரை அவர் மறுக்கவில்லை. "நீங்களும் அப்படியே கூப்பிடுங்க சார். மேடம் கீடம்னா பல்லு வலிக்கு வந்த மாதிரி இருக்கு."

பிப்ரவரி 20, வியாழன்

கவுனைப் பொம்மைக்குப் போட்டோம். துணிக்கடைப் பொம்மைகள், எல்லாம் ஒரே அளவு, ஒரே இடுப்பு. தார்ப்பாய் கூடாரம் மாதிரி தொங்கியது. முதுகுப் பக்கம் மடித்துக் கிளிப் போட்டு இறுக்கினேன். எல்லா மியூசியத்திலும் செய்வதுதான். முன்னால் இருந்து பார்த்தால் பிரமாதமாக இருந்தது. இயக்குநர் வந்து பார்த்து, "இதுதான் நம்ம போஸ்டர்" என்றார். புகைப்படக்காரரை உடனே வரவழைத்தார்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வீட்டில் காட்டினேன். மனைவி படத்தைப் பார்த்து, "அழகா இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "யாரோட டிரெஸ்னு சொன்னீங்க?" என்றாள். ஏன் கேட்டாள் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 26, புதன்

என்ன சொல்வது. மனசே சரியில்லை.

லாரியம்மா பார்க்க வந்தார். நான்தான் வரச் சொன்னேன், பெருமையாகக் காட்டலாம் என்று. முன்னால் நின்று பார்த்தார். மெதுவாகச் சுற்றிப் பின்பக்கம் போனார். வரிசையாகக் கிளிப்புகள். ஒன்றை விரலால் தொட்டார்.

"யார் சார் இந்தப் பொண்ணு?"

நான் ஏதோ உளறினேன். பொம்மையெல்லாம் ஒரே அளவு, இதுதான் வழக்கம். அவர் அதற்குள் நான் எழுதி ஒட்டியிருந்த குறிப்பைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். 'உடல் குறித்த அதிகாரத்துக்கு எதிரான கலகக் குரல்.' என் வாக்கியம். அதை எழுதிவிட்டு நானே இரண்டு தடவை மெச்சிக்கொண்டேன்.

"நான் கலகமெல்லாம் பண்ணல சார். உள்ள போகணும்னு நெனச்சேன். பாட்டு நல்லா இருந்துச்சு."

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். நாலு வருடத்துக்கு முன்னால் வயிற்றில் புற்று. "பாதி வயித்த எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் உடம்பு நிக்கல, கரைஞ்சு போச்சு. பாக்குறவங்கல்லாம் என்ன சொல்றாங்க தெரியுமா? 'சூப்பரா குறைச்சிட்டீங்களே, என்ன டயட்டு?' நான் செத்துப் பொழைச்சு வந்திருக்கேன், அவங்க பாராட்டுறாங்க. சரி, வெளியதான் அப்படின்னு இங்க வந்தா..." கிளிப்பைக் காட்டினார். "இங்கயும் குறைச்சிட்டீங்களே சார்."

கோபமாகக் கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

கவுனை மடித்துக் கொடுக்கச் சொன்னார். ஒரு வாரம் டைம் கொடுங்கன்னு கெஞ்சினேன். பதில் சொல்லாமலேயே போய்ட்டாங்க. நான் என்னத்தப் பெரிய காப்பாட்சியர்! துணியக் காப்பாத்தத் தெரிஞ்சுது, அதுக்குள்ள இருந்த ஆள விட்டுட்டேன்.

பிப்ரவரி 27, வியாழன்

இயக்குநர் அறை. விஷயத்தைச் சொன்னேன். "பின்பக்கம் யார் பார்க்கப் போறா? சுவரோரமா தள்ளி வச்சிடுங்க" என்றார். லாரியம்மா ஒத்துக்கொள்ளமாட்டார், கவுனையே திருப்பிக் கேட்கிறார் என்றேன். அவர் உடம்புக்கு ஒரு உருவம் செய்ய வேண்டும் என்றும் சொன்னேன்.

இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். "கொஞ்சம் யோசிங்க. அவ்ளோ குண்டா ஒரு உருவம் செஞ்சு நடுக்கூடத்துல வைப்பீங்க. வர்றவங்க சிரிப்பாங்க. செல்ஃபி எடுத்துப் போடுவாங்க. அன்னைக்கு வாசல்ல ஒருத்தன் கேலி பண்ணான். நீங்க ஊரையே கூட்டிக் கேலி பண்ண வைக்கப் போறீங்களா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் தொல்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "நீங்க ரெண்டு பேரும் இவ்ளோ பேசினீங்களே. அவங்களைக் கேட்டீங்களா?"

மார்ச் 3, திங்கள்

கேட்கப் போனேன். பல் கிளினிக். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் லாரியம்மா. என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. டோக்கன் ஒன்றை நீட்டி, "உக்காருங்க, கூப்பிடுறேன்" என்றார். கன்னம் வீங்கிய ஒரு பெரியவருக்கும் அழுகிற ஒரு குழந்தைக்கும் நடுவில் உட்கார்ந்தேன். என் முறை வந்தது.

"எந்தப் பல்லு?"

"பல்லு இல்லங்க. உங்க உடம்ப செய்யலாம்னு இருக்கோம். அளவு வேணும்."

பெரியவர் தாடையைப் பிடித்துக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இயக்குநரின் பயத்தையும் மறைக்காமல் சொன்னேன். சிரிப்பார்களே, பரவாயில்லையா? லாரியம்மா கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். "சிரிக்கிறவங்க சிரிக்கட்டும் தம்பி. கிளப்புலயும் மொத ரெண்டு பாட்டுக்குச் சிரிப்பாங்க. அப்புறம் ஆட இடம் தேடவே நேரம் சரியா இருக்கும்." பிறகு, "ஆனா நான் இல்லாம செய்யக் கூடாது. அளவு நான் சொல்றேன்."

'சார்', 'தம்பி' ஆகிவிட்டது. வெளியே வந்துதான் கவனித்தேன்.

மார்ச் 8, சனி

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

இயக்குநர் வேண்டாவெறுப்பாகத்தான் சம்மதித்தார். "செய்ங்க, பார்க்கறேன். சரியில்லைன்னா கவுனைத் திருப்பிக் கொடுத்துடுவோம்." இடுப்பு வரை உள்ள பழைய உருவம் ஒன்றை எடுத்து, காலுக்குப் பதில் இரண்டு இரும்புக் கம்பிகளில் நிறுத்தினோம். அதன்மேல் பஞ்சு அடுக்கு, நூலால் கட்டு, மறுபடி பஞ்சு. கடைசியில் மேலே இழுத்துப் போர்த்த பனியன் துணி. கையுறை மேடம் பஞ்சை வெட்டித் தர, நான் வைத்துத் தைக்க, லாரியம்மா நாற்காலியில் உட்கார்ந்து மேஸ்திரி மாதிரி அதட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் வயிறு வைங்க... இன்னும்... தம்பி, கஞ்சத்தனம் பண்ணாதீங்க."

மார்புப் பகுதி வந்ததும் எனக்குக் கை ஓடவில்லை. நூல் தேடுவதுபோல் ஜன்னல் பக்கம் போய்விட்டேன். "பஞ்சுக்கு என்ன தம்பி வெக்கம்?" என்றார். கையுறை மேடம் சிரித்து நான் பார்த்ததே இல்லை, இன்று பார்த்தேன். சிரித்துவிட்டு, பஞ்சு இறுக்கம் தெரியவில்லை என்று கையுறையையும் கழற்றிவிட்டார்.

மதியம் உருவம் முடிந்தது. லாரியம்மா சுற்றி வந்து பார்த்தார். "இதுதான். இதான் நான்."

கவுனை மாட்டினோம். பக்கவாட்டுக் கயிறுகளை இழுத்தேன். சேரவில்லை. இன்னும் இழுத்தேன். இரண்டு விளிம்புக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. தார்ப்பாய் சுருங்கியிருக்கும் என்றார் லாரியம்மா. தார்ப்பாய் சுருங்காது என்று கையுறை மேடம் மெதுவாகச் சொன்னார். வளையங்களைச் சுற்றிய தேய்மானத்தைக் காட்டினார். கயிறு எங்கே இறுகி நின்றது என்பதற்கு அங்கே தெளிவாகத் தடம் இருந்தது. இரண்டு விளிம்பும் ஒன்றையொன்று தொட்டுத்தான் இருந்திருக்கின்றன.

லாரியம்மா உருவத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், யாரிடமோ கேட்பது போல, "இவ்ளோ இல்லையா நான்?" என்றார்.

கையுறை மேடம் கயிற்றை மெதுவாகத் தளர்த்தினார்.

"அவங்க சொல்லிச் சொல்லி... அந்த அளவுதான் மனசுல நின்னிருக்கு" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "சரி, எடுங்க. எவ்ளோ அதிகமோ எடுங்க. உள்ளதுதான் வேணும், கூடவும் வேணாம் குறையவும் வேணாம்."

பிரித்தோம். அடுக்கு அடுக்காகப் பஞ்சை எடுத்தோம். கயிறு சேர்ந்தது. பெரிய உடம்புதான், சந்தேகமில்லை. ஆனால் அவர் இத்தனை காலம் மனசில் சுமந்த உடம்பு அல்ல.

மார்ச் 9, ஞாயிறு

நாள் முழுக்க அதே நினைப்பு. ஒருவருடைய உடம்பின் அளவை அவருக்கு யார் சொல்கிறார்கள்?

மார்ச் 15, சனி

அளவு சரி. ஆனால் உருவம் உயிரில்லாமல் நின்றது. "பொம்மை மாதிரி இருக்கே" என்றேன். "பொம்மைதானே" என்றார் கையுறை மேடம். ஆனால் அவருக்கும் திருப்தியில்லை.

மனைவியை அழைத்துப் போனேன். அவள் பிசியோதெரபிஸ்ட், நாள் முழுக்க அடுத்தவர் முதுகைப் பார்க்கிற வேலை. உருவத்தை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு லாரியம்மாவிடம், "அக்கா, ஆடறதுக்கு முன்னாடி எப்படி நிப்பீங்க?" என்று கேட்டாள்.

லாரியம்மா எழுந்து நின்றார். கால் இரண்டையும் அகட்டி, தோளைப் பின்னால் தள்ளி, இடது இடுப்பைக் கொஞ்சம் இறக்கி. அந்த ஒல்லி உடம்பு அப்படி நிற்கவே தேவையில்லை. மனைவி என் காதில் சொன்னாள். "பாருங்க, இல்லாத வெயிட்ட இன்னும் தாங்கிட்டு நிக்கறாங்க. முதுகுக்குத் தெரியல, அது போயிடுச்சுன்னு."

கம்பிகளை அகட்டினோம். உருவத்தைப் பின்னால் சாய்த்தோம். இடது பக்கம் இறக்கினோம்.

அவ்வளவுதான். அறைக்குள் இன்னொரு ஆள் வந்துவிட்டார்.

மார்ச் 19, புதன்

இயக்குநர் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பின்பக்கம் நின்று செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தார். ரிஃப்ளெக்டர்கள் சிவப்பாய் எரிந்தன.

"சுவரோரம் வேணாம். நடுவுல வைங்க, சுத்தி வரட்டும். ஆனா போஸ்டர் ஒட்டியாச்சு, மாத்த முடியாது. போஸ்டர்ல ஒரு ஆளு, உள்ள ஒரு ஆளுன்னு கேப்பாங்களே."

"கேக்கட்டும் சார். சொல்லுவோம்."

"நீங்க சொல்லுங்க" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

மார்ச் 24, திங்கள்

குறிப்பை மாற்றி எழுதினேன். கலகம், அதிகாரம் எல்லாம் போயிற்று. 'லாரி என்று கேலி செய்து வாசலில் நிறுத்தினார்கள். லாரியின் தார்ப்பாயிலேயே உடை தைத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.' போனில் படித்துக் காட்டினேன்.

"உள்ள போனார்னு நிறுத்திட்டீங்களே தம்பி. அதுக்காகவா அவ்ளோ தெச்சேன்? ஆடினார்னு போடுங்க."

போட்டேன்.

ஏப்ரல் 5, சனி

திறப்பு விழா. மாமியார் வந்திருந்தார். எல்லாவற்றையும் ஒரு நீதிபதி மாதிரி பார்த்துக்கொண்டே போய், கேசட் நாடாச் சட்டை முன்னால் நின்று, "பாவம், துவைக்கவே முடியாதே" என்றார். பெயர் போடக்கூடாது என்ற வக்கீல் தன் ஜாக்கெட் பக்கத்திலேயே ரொம்ப நேரம் நின்றார், யாரோ என்பது போல.

சிரித்தார்கள். ஆமாம், இரண்டு இளம்பெண்கள் கவுன் முன்னால் நின்று சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. பிறகு ஒருத்தி குறிப்பைப் படித்தாள், மற்றவளைத் தொட்டுக் காட்டினாள். இரண்டு பேரும் சுற்றிப் பின்பக்கம் போனார்கள். அப்புறம் சிரிப்புச் சத்தம் இல்லை. இயக்குநர் பயந்ததும் நடந்தது, லாரியம்மா சொன்னதும் நடந்தது.

லாரியம்மா கிளினிக் உடையிலேயே வந்து தூண் ஓரமாக நின்றார். யாருக்கும் அவரைத் தெரியவில்லை. உருவத்தைச் சுற்றிக் கூட்டம், அவரைச் சுற்றி யாருமில்லை.

வழுக்கைத் தலையோடு ஒருவர் கூடத்துக்குள் வந்தார். உருவத்தின் பின்பக்கம்தான் அவர் கண்ணில் பட்டது. தலை கிடையாது, முகம் கிடையாது, குறிப்பையும் அவர் இன்னும் படிக்கவில்லை. அப்படியே நின்று, கூட வந்தவரிடம், "டேய்! நம்ம லாரிடா!" என்று கத்தினார். கூடமே திரும்பிப் பார்த்தது.

கவுனை மட்டுமல்ல, நிற்கிற விதத்தை வைத்து ஆளையே கண்டுபிடித்துவிட்டார்.

லாரியம்மா அவர் பக்கத்தில் போய், "ஆமா, லாரிதான்" என்றார். அவர் இவரைப் பார்த்தார். உருவத்தைப் பார்த்தார். மறுபடியும் இவரைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது அவருக்கு. "உடம்புக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"என்ன டயட்டுன்னு கேக்காம, என்ன ஆச்சுன்னு கேட்டியே" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார் லாரியம்மா. இரண்டு பேரும் வெளி வராந்தாவில் உட்கார்ந்து பேசினார்கள். கூட்டம் கலைந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

தூங்கினேன்.

மே 18, ஞாயிறு

இன்று ஒரு பெண் என் அறைக்கே வந்துவிட்டார். நல்ல உயரம், நல்ல பருமன். "அந்தப் பச்சை டிரெஸ் தெச்சவங்க இருக்காங்களா? எனக்குக் கடையில எதுவுமே பொருந்தாது. கிடைக்கறது எல்லாம் மூடி மறைக்கற மாதிரிதான் இருக்கும். எனக்கு இப்படி ஒண்ணு வேணும்." இதோடு மூன்றாவது ஆள். லாரியம்மாவிடம் கேட்டேன். "கோணி ஊசியில தெச்சவகிட்டயா கேக்கறாங்க?" என்று சிரித்தார். பிறகு, "நம்பரக் கொடுங்க" என்றார்.

ஜூலை 14, திங்கள்

கண்காட்சியைக் கலைக்கிறோம். கூடம் வெறிச்சென்று இருக்கிறது. கேசட் நாடாச் சட்டை பெட்டிக்குள் போய்விட்டது. வக்கீல் ஆள் அனுப்பாமல் தானே வந்து ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டார். படியிறங்கும்போது அதைப் போட்டுக்கொண்டிருந்தார்.

கவுனை லாரியம்மா மியூசியத்துக்கே கொடுத்துவிட்டார். "நான் வச்சிருந்தா எலி கடிக்கும்." உருவத்தைப் பிரித்துப் பஞ்சை எடுத்து வைப்பதுதான் வழக்கம். கத்தரிக்கோலோடு போனேன்.

"தம்பி, அத எனக்குக் கொடுங்க."

எனக்குத் திக்கென்றது. போன உடம்பை வீட்டில் வைத்துக்கொண்டு இவர் என்ன செய்யப் போகிறார்? என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "கட்டிப் பிடிச்சு அழறதுக்கில்ல. தையல் மெஷின் வாங்கிட்டேன். அஞ்சு பேரு துணி கொடுத்துட்டாங்க. போட்டுப் பாக்க இந்த அளவுல கடையில பொம்மை விக்கறதே இல்ல, தேடிட்டேன்."

கையுறை மேடம் ஒத்துக்கொள்ளமாட்டார் என்று நினைத்தேன். கவுனுக்கு உள்ளே வைக்க வேறு பஞ்சுத் தாங்கல் செய்துகொள்ளலாம் என்று அவரே சொன்னார். இயக்குநர் கையெழுத்துப் போட்டார்.

கம்பிகளைக் கழற்றி, உருவத்தை நானும் கையுறை மேடமும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிப் போனோம். வாடகை வேன் வாசலில் நின்றது. பின்பக்கம் தையல் சாமான்களும் துணி மூட்டைகளும். ஓட்டுநர் ஒரு நிமிடம் திகைத்து, "அவங்கள எங்க மேடம் வைக்கறது?" என்று கேட்டார்.

"முன்னாடியே உக்காரட்டும்பா. ஜன்னலோரமா."

ஓட்டுநர் உருவத்தை முன் இருக்கையில் சாய்த்து, பெல்ட் போட்டுவிட்டார். பெல்ட் அளவு போதவில்லை, கொஞ்சம் இழுத்துப் பிடித்துத்தான் மாட்ட வேண்டியிருந்தது. லாரியம்மா பின்னால் ஏறி மூட்டைகளுக்கு நடுவில் இடம் பண்ணிக்கொண்டார். அதற்குள் போன் அடித்தது. எனக்குக் கையை மட்டும் ஆட்டினார்.

வேன் வளைவில் திரும்பும்வரை அவர் குரல் கேட்டது. "சும்மா சொல்லும்மா, எதுக்குக் குறைச்சுச் சொல்ற? டேப்ப வச்சு அளந்து, உள்ளத உள்ளபடி சொல்லு. நான் எழுதிக்கறேன்."